மறு: மறு: 'மெய்நிகர் நோயாளி' – மாற்றுச்சொல் தேவை (அவசரம்)

அன்பர்களுக்கு வணக்கம்.

மருத்துவ மாணவர்களுக்கான கையேடு ஒன்றை வெள்ளிக்குள் தமிழாக்கித் தரவேண்டும். கணினித் திரையில் ஒரு நோயாளி தோன்றி, "நெஞ்சு கரிக்கிறது" என்பார். எப்போதிலிருந்து, சாப்பிட்ட பிறகா, மாடி ஏறும்போதா என்று மாணவர் துருவவேண்டும், கேட்டால்தான் சொல்வார். ஆங்கிலத்தில் virtual patient; 'மெய்நிகர் நோயாளி' என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த மாணவி, "மெய்நிகர் என்பது எந்த மாதிரி நோய்?" என்று கேட்டுவிட்டாள்.
– மீ.

மீ. அம்மா,

நியாயமான கேள்வி. மெய் என்றால் உடல். உடலே இல்லாதவருக்கு எதற்கு மெய்? 'நோயாளி'யும் எனக்கு உறுத்தல்தான். தொழிலாளி தொழிலை ஆள்கிறார், நோயாளி நோயையா ஆள்கிறார்? வள்ளுவரிடம் தூய சொல் இருக்கிறது: 'உற்றான் அளவும் பிணியளவும் காலமும்' (குறள் 949). உற்றான் என்றால் நோயுற்றவன். அடுத்த குறளில் 'உற்றவன்'. ஆகவே 'நிகருற்றார்'.
– க.

க. ஐயா,

நிகருற்றார் என்றால் எங்கள் ஊரில் சம்பந்தி வீட்டார் என்று நினைப்பார்கள். வகுப்பில் எனக்கு வேறொரு சிக்கல். நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்ற மனிதர்களும் உண்டு; அமெரிக்காவில் ஹோவர்ட் பாரோஸ் 1963-இல் தொடங்கிவைத்த முறை. அவரை 'நடிப்பு நோயாளி' என்றும் திரையில் வருபவரைக் 'கணினி நோயாளி' என்றும் பிரித்தால் போதும்.
– த. (மருத்துவ ஆசிரியர்)

நான் சித்த மருத்துவன். நோயாளியை விடுங்கள், அவரிடம் கேட்பதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்? 'நேர்காணல்' என்றால் வேலைக்கு ஆள் எடுப்பதுபோல் இருக்கிறது. நோய் கணிக்க எங்களுக்கு மூன்று வழி: பொறியால் அறிதல், புலனால் அறிதல், வினாதல். மூன்றாவதுதானே உங்கள் கையேடு முழுவதும்?
– ப.

ப. ஐயா, அருமை. ஆனால் வினாவுதலா, வினாதலா? 'வினவு' என்ற வினையும் உண்டே. விரிவாக நாளை எழுதுகிறேன்.
– க.

அனைவருக்கும் நன்றி. நாளை வரை பொறுக்க முடியவில்லை. 'கணினி நோயாளி' என்று போட்டு அனுப்பிவிட்டேன். 'வினாதல்' நான் கேட்காமலே கிடைத்த சொல், தலைப்பிலேயே ஏற்றிவிட்டேன்.
– மீ.

வைரஸ் புகுந்த கணினி என்றுதான் படிப்பார்கள். என் மறுப்பைப் பதிந்துகொள்க.
– க.