சனிக்கிழமைச் சம்பளம் திங்கட்கிழமைக்கு நகர்ந்துவிடுகிறது: திரும்பத் திரும்ப வரும் வேலைகளைச் செயலியில் எப்படி அமைப்பது?

யூனிட் கணக்கர், திருப்பூர்:

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு சிறிய பனியன் தையல் யூனிட்டில் கணக்கு பார்க்கிறேன். சம்பளம், வரி, இயந்திரப் பராமரிப்பு என எதற்கு எந்த நாள் என்று நினைவூட்டுவதும் என் பொறுப்புதான். இதுவரை தினசரி காலண்டரில் பேனாவால் குறித்துவந்ததையெல்லாம் இப்போது கைபேசியில் உள்ள ஒரு பணிப்பட்டியல் செயலிக்கு மாற்றியிருக்கிறேன். ஒருமுறை செய்து முடிக்கும் வேலைகளில் எந்தக் குறையும் இல்லை. திரும்பத் திரும்ப வரும் வேலைகளில்தான் தேதி ஓரிடத்தில் நிற்க மறுக்கிறது.

எங்களுக்கு வாரச் சம்பளம், சனிக்கிழமை. கூலியை எண்ணிக் கொடுத்து முடிக்க இரவாகிவிடும். செயலியில் டிக் செய்வது திங்கட்கிழமை காலையில்தான். டிக் செய்ததும் அடுத்த சம்பளம் அடுத்த திங்கட்கிழமைக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறது. மாதந்தோறும் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டி படிவமான ஜிஎஸ்டிஆர்-3பிக்கு 20ஆம் தேதி கெடு. 17ஆம் தேதியே தாக்கல் செய்துவிட்டால் அடுத்த மாதம் 17 என்று காட்டுகிறது. 22ஆம் தேதி டிக் செய்தால் அடுத்த மாதம் 22 என்று காட்டுகிறது. இரண்டாவதுதான் ஆபத்து. கெடு தாண்டினால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், செலுத்தாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி.

மாதக் கடைசியில் சரக்கு இருப்பு எடுப்பதை மட்டும் காலண்டர் செயலியில் 31ஆம் தேதிக்குப் போட்டு, மாதந்தோறும் வரும்படி வைத்தேன். மார்ச்சில் வந்தது. ஏப்ரலில் வரவே இல்லை. மே மாதம் மறுபடி வந்தது.

இன்னொன்று, அமாவாசை பூஜை. 30 நாளுக்கு ஒருமுறை என்று வைத்திருக்கிறேன். அதுவும் தள்ளித் தள்ளிப் போகிறது.

வேறு செயலிக்கு மாறத்தான் வேண்டுமா, இதிலேயே சரிசெய்ய வழி இருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெல்லைவாசி:

வணக்கம் அம்மா. மாறுவதற்கு முன் இரண்டு விவரம் பார்த்துச் சொல்லுங்கள். சம்பள வேலையில் ‘1 வாரம்’ என்று இருக்கிறதா, ‘சனிக்கிழமைதோறும்’ என்று இருக்கிறதா? அந்த அமைப்புப் பக்கத்தில் நாள், வாரம், மாதம் என்பவற்றுக்குக் கீழே வேறு ஏதாவது வரி தெரிகிறதா?

யூனிட் கணக்கர், திருப்பூர்:

‘1 வாரம்’ என்றுதான் இருக்கிறது ஐயா. அதற்குக் கீழே சிறிய எழுத்தில் ‘முடித்த நாளிலிருந்து’ என்று ஒரு வரி. அதைத் தொட்டால் ‘கெடு நாளிலிருந்து’ என்று மாறுகிறது.

நெல்லைவாசி:

உங்கள் சிக்கலில் பாதி அந்தச் சிறிய எழுத்தில்தான் இருக்கிறது. செயலி மாற்றத் தேவையில்லை.

‘முடித்த நாளிலிருந்து’ என்றால், நீங்கள் டிக் செய்யும் நாளை முதல் நாளாக வைத்து அடுத்ததை எண்ணும். திங்களன்று டிக் செய்தால் அதிலிருந்து ஏழு நாள், அதாவது அடுத்த திங்கள். ‘கெடு நாளிலிருந்து’ என்றால் நீங்கள் எப்போது டிக் செய்தாலும் செயலி அதைப் பொருட்படுத்தாது. சனிக்கு அடுத்தது சனி, 20க்கு அடுத்தது 20.

இதில் எது சரி என்பது வேலையைப் பொறுத்தது. சம்பளமும் வரியும் நாள்காட்டிக்குக் கட்டுப்பட்டவை. நீங்கள் தாமதித்தீர்கள் என்பதற்காக அரசு தன் தேதியை நகர்த்தாது. ஆனால் ஓவர்லாக் இயந்திரத்துக்கு எண்ணெய் மாற்றுவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் நெருக்கடியில் இரண்டு வாரம் தாமதமாக மாற்றினால், புது எண்ணெய் அன்றைக்குத்தான் உள்ளே போயிருக்கிறது. பழைய கெடுவிலிருந்து எண்ணினால் நல்ல எண்ணெயை இரண்டு வாரம் முன்னதாகவே வடித்துக் கொட்ட நேரும். அங்கே ‘முடித்த நாளிலிருந்து’தான் பொருத்தம். குடிநீர் ஃபில்டர் மாற்றுவது, ஏசி சர்வீஸ் எல்லாம் இந்த வகைதான். ஆகவே ஒட்டுமொத்தமாக எல்லாவற்றையும் ஒரே பக்கம் திருப்பிவிடாதீர்கள். ஒவ்வொரு வேலையாகத் திறந்து பார்த்து முடிவு செய்யுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் இதற்குக் குறுக்குவழி இல்லை.

மற்ற செயலிகள் வைத்திருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. டுடூயிஸ்டில் ஆங்கிலத்தில் தட்டும்போது ‘எவ்ரி’ என்ற சொல்லை ஒட்டி ஓர் ஆச்சரியக்குறி போட்டால் முடித்த நாளிலிருந்து எண்ணும். குறி இல்லாவிட்டால் கெடு நாளிலிருந்து எண்ணும். டிக்டிக், டாஸ்க்ஸ்.ஆர்க் இரண்டிலும் உங்கள் செயலியைப் போலவே தனித் தெரிவு இருக்கிறது. தாமதமாக டிக் செய்தபின் தேதி நகர்கிறது என்றால் அங்கேயும் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

31ஆம் தேதி விஷயம் வேறு. அது செயலியின் கோளாறு அல்ல. காலண்டர் செயலிகள் ஒன்றோடொன்று தகவல் பரிமாறிக்கொள்ளும் ஐகாலண்டர் தரநிலையின் விதியே அதுதான். 2009இல் வெளியான ஆர்எஃப்சி 5545 ஆவணம், இல்லாத தேதி வந்தால் அந்த முறையை அப்படியே விட்டுவிட வேண்டும் என்கிறது. ஏப்ரலில் 31 இல்லை. ஆகவே ஏப்ரல் முறையே இல்லை. அப்படிப் பார்த்தால் ஆண்டில் ஏழு மாதம்தான் உங்களுக்கு நினைவூட்டல் வரும். அதே ஆவணத்தில் இதற்கு வழியும் இருக்கிறது: மாத நாளுக்கு ‘கழித்தல் 1’ என்று கொடுத்தால் மாதத்தின் கடைசி நாள் என்று பொருள். பல செயலிகளில் இது ‘மாதத்தின் கடைசி நாள்’ என்ற தெரிவாக இருக்கும். உங்களுடையதில் அது இல்லாவிட்டால் வேலையை 1ஆம் தேதிக்குப் போட்டு, ‘சென்ற மாத இருப்பு: காலையில் தையல் தொடங்கும் முன் எடுக்க வேண்டும்’ என்று தலைப்பு கொடுங்கள். 1ஆம் தேதி இல்லாத மாதம் கிடையாது.

வரி ஆலோசகர், ஈரோடு:

நெல்லைவாசி சொன்னது சரி. வரித் தேதிகளில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. ‘மாதந்தோறும்’, ‘மூன்று மாதத்துக்கு ஒருமுறை’ என்று அமைத்தால் டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) விஷயத்தில் அது உங்களைக் கைவிடும்.

ஜாப் ஒர்க் கூலியில் பிடித்த டிடிஎஸ் தொகையை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். ஆனால் மார்ச்சில் பிடித்ததற்கு மட்டும் ஏப்ரல் 30 வரை அவகாசம். காலாண்டு அறிக்கைக்கான தேதிகள் ஜூலை 31, அக்டோபர் 31, ஜனவரி 31, மே 31. கடைசித் தேதியை கவனியுங்கள். ஜனவரியிலிருந்து மூன்று மாதம் என்று செயலி கணக்கிட்டால் ஏப்ரல் கடைசியில் நிற்கும். அதிலிருந்து அடுத்ததும் ஜூலை 30 என்று ஒரு நாள் வழுக்கக்கூடும். சீரான இடைவெளி இல்லாத தேதிகளுக்கு மறுநிகழ்வு விதி வேண்டாம். நான்கையும் நான்கு தனி வேலைகளாகப் போட்டு, ஒவ்வொன்றையும் ‘ஆண்டுதோறும்’ என்று வையுங்கள். முன்வரிக்கு, அதாவது வருமான வரியை முன்கூட்டியே தவணைகளில் கட்டுவதற்கு, இந்தத் தொல்லை இல்லை. ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15 ஆகிய நான்கும் சரியாக மூன்று மாத இடைவெளியில் வருவதால் ஒரே விதி போதும்.

இன்னொரு பழக்கமும் சொல்லித்தருகிறேன். கெடு 20 என்றால் செயலியில் 16 என்று போடாதீர்கள். பொய்த் தேதி என்று மனத்துக்குத் தெரிந்துவிட்டால் அதை மதிக்கவே தோன்றாது. கெடு 20ஆகவே இருக்கட்டும். நினைவூட்டல் மணியை மட்டும் நான்கு நாள் முன்னதாக அடிக்கும்படி வையுங்கள்.

யூனிட் கணக்கர், திருப்பூர்:

மிக்க நன்றி. சம்பளத்தை ‘சனிக்கிழமைதோறும், கெடு நாளிலிருந்து’ என்று மாற்றினேன். திங்களன்று டிக் செய்தும் அடுத்த சனிக்கிழமையிலேயே நிற்கிறது. ஜிஎஸ்டி வேலையும் 20 என்று அசையாமல் இருக்கிறது. டிடிஎஸ் அறிக்கையை நான்காகப் பிரித்துவிட்டேன்.

இப்போது புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது. கம்ப்ரசர் தொட்டியில் சேரும் தண்ணீரை வடிப்பது தினசரி வேலை. அதையும் ‘கெடு நாளிலிருந்து’ என்று மாற்றினேன். பண்டிகை விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் வேலை சிவப்பு நிறத்தில், விடுமுறையின் முதல் நாள் தேதியோடு நிற்கிறது. டிக் செய்தால் அதற்கு மறுநாள் தேதியில் திரும்ப வருகிறது. மறுபடி டிக் செய்தால் அதற்கடுத்த நாள். இன்றைய தேதிக்கு வந்துசேரத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. யூனிட்டே பூட்டிக் கிடந்த நாட்களுக்கு எதற்கு இந்தக் கணக்கு?

ஈமேக்ஸ் பயனர், கோவை:

அம்மா, இது தனிக் கேள்வி. பலரும் இங்கேதான் குழம்புகிறார்கள். விட்டுப்போன முறைகள் ஒவ்வொன்றும் இன்னும் பாக்கியா, அல்லது போனது போகட்டும் என்று விடலாமா?

நான் ஈமேக்ஸ் என்ற உரைத் திருத்தியில் இயங்கும் ஆர்க்-மோடு என்ற குறிப்பு, பணிப்பட்டியல் கருவியைப் பயன்படுத்துகிறேன். அதில் இந்த வேறுபாட்டைக் குறியிலேயே எழுதிவிடலாம். தேதிக்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி போட்டால், பழைய தேதியிலிருந்து சரியாக ஒரு முறை மட்டும் நகரும். புதுத் தேதியும் கடந்த காலத்திலேயே இருந்தாலும் அது கவலைப்படாது. இரண்டு கூட்டல் குறி போட்டால், அதே கிழமை அல்லது அதே தேதி ஒழுங்கில் தாவித் தாவி, இன்றைக்குப் பிறகு வரும் முதல் முறையில் போய் நிற்கும். புள்ளி வைத்துக் கூட்டல் போட்டால் இன்றைய நாளிலிருந்து எண்ணும். உங்கள் செயலியின் ‘முடித்த நாளிலிருந்து’ இதுதான்.

உங்கள் வேலைகளுக்கே பொருத்திப் பாருங்கள். ஜிஎஸ்டிஆர்-3பிக்கு ஒற்றைக் கூட்டல்தான் வேண்டும். ஒரு மாதத்தை விட்டுவிட்டால் அந்த மாதப் படிவம் பாக்கி; அதைத் தாக்கல் செய்யாமல் அடுத்த மாதத்துக்குப் போக முடியாது. பட்டியல் சிவப்பாக நின்று உங்களைத் தொந்தரவு செய்வதே அங்கே நல்லது. வாரச் சம்பளத்துக்கும் அப்படித்தான். எந்த வாரக் கூலியையும் தாண்டிப் போக முடியாது. கம்ப்ரசர் தண்ணீர் நேர்மாறானது. ஒருமுறை வால்வைத் திறந்தால் சேர்ந்ததெல்லாம் வெளியே போய்விடும். அதற்கு இரட்டைக் கூட்டலோ, புள்ளிக் கூட்டலோ போதும்.

உங்கள் செயலியில் முதலாவதும் மூன்றாவதும் மட்டுமே இருப்பதாகத் தெரிகிறது. ஆகவே கம்ப்ரசரை மட்டும் ‘முடித்த நாளிலிருந்து 1 நாள்’ என்று திரும்பவும் மாற்றிவிடுங்கள். தினசரி வேலைக்கு இரண்டும் மூன்றும் ஒரே பலனைத்தான் தரும்.

ஜெனரேட்டர் மெக்கானிக், அவிநாசி:

இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். ஜெனரேட்டரைப் பற்றி யாரும் பேசவில்லை. உங்கள் யூனிட்டில் ஒன்று நிச்சயம் இருக்கும். அதன் ஆயில் சர்வீஸை ‘ஆறு மாதம்’ என்று செயலியில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். மின்வெட்டு அதிகமான காலத்தில் இன்ஜின் ஓடும் மணி நேரம் எகிறிவிடும். தயாரிப்பாளரின் கையேட்டில் இத்தனை மணி நேரம் அல்லது இத்தனை மாதம், எது முந்துகிறதோ அது என்று போட்டிருப்பார்கள். செயலிக்கு மாதம் தெரியும், மணி தெரியாது.

நான் வாடிக்கையாளர்களுக்குச் சொல்வது இது. ‘திங்கள்தோறும் மணி மீட்டரைப் படித்து எழுது’ என்று ஒரு சிறிய வேலையை வையுங்கள். குறிப்புப் பகுதியில் கடைசி சர்வீஸின்போது மீட்டர் காட்டிய எண்ணையும், அடுத்த சர்வீஸுக்கான எண்ணையும் எழுதிவையுங்கள். மீட்டர் நெருங்கும்போது நீங்களே கூப்பிடுவீர்கள். மாதக் கணக்குக்கான வேலையும் தனியாக இருக்கட்டும்.

கணித ஆசிரியர், கரூர்:

அமாவாசைக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. ஓர் அமாவாசையிலிருந்து அடுத்ததற்குச் சராசரியாக 29.53 நாள். 30 நாள் என்று போட்டால் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அரை நாள் பின்தங்கும்; ஆறு அமாவாசைக்குள் மூன்று நாள் தள்ளிப்போய்விடும். 29 என்று போட்டால் அதே அளவு முந்தும். 29, 30 என மாற்றி மாற்றிப் போட்டாலும் முழுத் தீர்வு இல்லை. நிலவின் வேகம் மாறுவதால் இடைவெளியே சராசரிக்கு முன்னும் பின்னும் சில மணி நேரம் மாறும். திதி எந்த நாளில் கணக்கில் வருகிறது என்பதைப் பஞ்சாங்கம்தான் சொல்லும்.

ஆகவே இதற்கு மறுநிகழ்வு விதி எதுவும் உதவாது. ஆண்டுத் தொடக்கத்தில் பஞ்சாங்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அமாவாசை நாட்களைத் தனித்தனி வேலைகளாகப் பதிந்துவிடுங்கள். பெரும்பாலான ஆண்டுகளில் பன்னிரண்டு இருக்கும், சில ஆண்டுகளில் பதின்மூன்று. கூடவே ‘அடுத்த ஆண்டு அமாவாசைத் தேதிகளைப் பதிய வேண்டும்’ என்று டிசம்பரில் ஆண்டுதோறும் வரும் ஒரு வேலையைப் போட்டு வையுங்கள். பிரதோஷம், கார்த்திகை விரதம் வைத்திருப்பவர்களுக்கும் இதே வழிதான்.

யூனிட் கணக்கர், திருப்பூர்:

அனைவருக்கும் நன்றி. கம்ப்ரசர் சரியாகிவிட்டது. மணி மீட்டர் வேலையையும் சேர்த்துவிட்டேன். இது எனக்குத் தோன்றவே இல்லை, முதலாளியிடமும் சொன்னேன். அமாவாசைத் தேதிகளை இந்த ஆண்டு முடியும் வரை பதிந்தாயிற்று.

கடைசியாக ஒன்று. சம்பள வேலைக்குள் பீஸ் கணக்கு சரிபார்த்தல், முன்பணம் கழித்தல், வங்கியில் பணம் எடுத்தல், கையெழுத்து வாங்குதல் என்று துணைவேலைகள் போட்டிருக்கிறேன். அடுத்த வாரம் அவை டிக் இல்லாமல் புதிதாக வருமா, டிக் செய்யப்பட்டே வருமா? சம்பள நாளில் சோதித்துப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

நெல்லைவாசி:

அது செயலிக்குச் செயலி மாறும் அம்மா. சிலவற்றில் எல்லாம் புதிதாகத் திறந்துகொள்ளும், சிலவற்றில் பழைய டிக் அப்படியே நிற்கும். சம்பள வேலையைத் தொடாமல் ‘சோதனை’ என்று ஒரு வேலையைப் போடுங்கள். கெடுவைச் சென்ற சனிக்கிழமைக்கு வைத்து, வாரந்தோறும் என்று அமைத்து, உள்ளே இரண்டு துணைவேலைகள் சேருங்கள். துணைவேலைகளை டிக் செய்துவிட்டு முழு வேலையையும் டிக் செய்யுங்கள். தேதி எங்கே போகிறது, துணைவேலைகள் எப்படித் திரும்புகின்றன என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பார்த்தபின் அழித்துவிடுங்கள். பழைய டிக் நின்றால், துணைவேலைகளை விட்டுவிட்டு அந்த நான்கையும் குறிப்புப் பகுதியில் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். செலான் எண், பணம் எடுத்த ரசீது எண் போன்றவற்றை மட்டும் அந்தக் குறிப்பில் எழுத வேண்டாம். அடுத்த வாரமும் அதே எண் கூடவே வந்து நிற்கும். அவற்றுக்குக் கணக்குப் புத்தகம்தான் இடம்.