எல்லா நாடும் சேந்து உருப்படியா எதையாவது முடிச்சிருக்காங்களா?

கேள்வி: க்ளைமேட் மாநாடுன்னு வருஷா வருஷம் கூடி போட்டோ எடுத்துட்டு கலைஞ்சு போறாங்க, நெஜமாவே ஒரு பிரச்சனைய முடிச்சு கட்டுன கதை ஒன்னாவது இருக்கா?

பதில் 1: பெரியம்மை பாஸ். பனிப்போர் நேரம், 1958ல சோவியத்காரங்க தான் உலக சுகாதார நிறுவனத்துல இத ஒழிக்கணும்னு பேச்ச எடுத்தாங்க, கோடிக்கணக்குல தடுப்பு மருந்தும் குடுத்தாங்க, ஆனா 1967ல வேலை சூடு பிடிச்சப்ப தலைமை ஹெண்டர்சன்னு ஒரு அமெரிக்க டாக்டர்!

பதில் 2: எங்க பாட்டி கையில அம்மை குத்துன தழும்பு ரூபா காசு சைஸுக்கு இருக்கும். அந்த ஊசி நுனி கவட்டை மாதிரி ரெண்டா பிரிஞ்சிருக்கும், நடுவுல ஒரு சொட்டு மருந்து நிக்கும், ஒரே இடத்துல 15 தடவ குத்துவாங்களாம். டாக்டரே தேவையில்ல, யாருக்கு வேணா கத்துக்குடுக்கலாம்.

பதில் 3: அம்மை மனுஷனுக்கு மட்டும் தான் வரும், மிருகத்துல ஒளிஞ்சுக்காது, அதனால ஈசி. கார்பன் புகைய கொறைக்கணும்னா அடுத்தவன் கரண்ட்டுலயே கை வைக்கணுமே.

பதில் 1: ஈசியா? 1974ல பீகார் பட்ட பாட்ட படிங்க ப்ரோ, அம்மை வந்தவங்கள தேடி வீடு வீடா அலைஞ்சிருக்காங்க. இயற்கையா வந்த கடைசி கேஸ் 1977ல சோமாலியால ஒரு ஆஸ்பத்திரி சமையல்காரர், அவரும் பொழச்சுக்கிட்டார்.