பெயர் தெரியாத பூச்சியைப் பதிவேற்றலாமா?

கேள்வி: உயிரினங்களைப் படமெடுத்துப் போட்டால் மற்றவர்கள் பார்த்துப் பெயர் சொல்லும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் போன வாரம்தான் சேர்ந்தேன். ஜன்னல் கம்பியில் உட்கார்ந்திருந்த அந்துப்பூச்சி ஒன்றைப் படமெடுத்தேன், இறக்கை ஓரம் கிழிந்திருக்கிறது, பெயர் சுத்தமாகத் தெரியவில்லை. தப்பாகப் போட்டுத் தரவைக் கெடுத்துவிடுவேனோ?

பதில் 1: தாராளமாகப் போடுங்கள். 'அந்துப்பூச்சி' என்று குறித்தாலே போதும். பார்த்துச் சொல்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே இனம் என்று ஒத்துக்கொண்டால்தான் அது 'ஆய்வுத் தரம்', அதாவது ஆய்வாளர்கள் பயன்படுத்தத்தக்க பதிவு ஆகும். தேதியும் இடமும் மட்டும் சரியாக இருக்கட்டும்.

பதில் 2: பக்கவாட்டிலும் ஒரு படம் எடுங்கள், அப்புறம் உணர்கொம்பு தெரிகிற மாதிரி ஒன்று. நான் தேனீ என்று போட்டதைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரே ஜோடி இறக்கை. ஈ! மானம் போச்சு.

பதில் 3: 2002இல் தொடங்கிய, பார்த்த பறவைகளைப் பதியும் இபேர்ட் தளத்தில் காக்கையைக்கூட எண்ணிப் போடச் சொல்வார்கள். அபூர்வமானதை மட்டும் பதிந்தால் சாதாரணப் பறவை குறைவது யாருக்கும் தெரியாமலே போகும்.

கேட்டவர்: சரி, போட்டுவிட்டேன். ஒருவர் அது எந்த அந்துப்பூச்சிக் குடும்பம் என்பது வரை சொல்லிவிட்டார்!