லாந்தர் தொங்கியதா இல்லையா? செசபீக் யாட் பயணத் திரி

கோட்டைவாசி: மேரிலாந்தில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போன காட்பாடிக்காரர், அனாபொலிஸிலிருந்து பாய்மர யாட்டில் செசபீக் விரிகுடாவைக் கடந்து செயின்ட் மைக்கேல்ஸ் போன கதையை நேற்று இங்கே எழுதினார். சந்தோஷம். ஆனால் ‘1813-இல் அந்த ஊர்க்காரர்கள் மர உச்சியில் லாந்தர் தொங்கவிட்டார்கள், இங்கிலீஷ்காரன் ஏமாந்து பீரங்கியை உயரே சுட்டான்’ என்று வரலாறு மாதிரி எழுதியதைத்தான் தாங்க முடியவில்லை. அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் சண்டை நடந்த சமயத்து அறிக்கைகளில் லாந்தரே கிடையாது. கதை பிற்பாடு கிளம்பியது.

காட்பாடி_மாலுமி: சார், நான் எழுதியது நாலு பக்கம். தாமஸ் பாயின்ட் கலங்கரை விளக்கம், 1875-இல் தண்ணீருக்குள் இரும்புத் தூண்களை முறுக்கி இறக்கி அதன் மேல் கட்டிய அறுகோண வீடு, அதைப் பற்றி எழுதினேன். விரிகுடாவின் சராசரி ஆழமே சுமார் 21 அடிதான், வரைபடத்தைப் பார்க்காமல் திருப்பினால் தரை தட்டும் என்று எழுதினேன். நண்டுப் பொறியின் மிதவைக் கயிறு புரொப்பெல்லரில் சுற்றினால் அன்றைய பயணம் அவ்வளவுதான். 1783 டிசம்பரில் வாஷிங்டன் படைத் தலைமையைத் துறந்த அனாபொலிஸ் மண்டபத்தில் நின்றதையும் எழுதினேன். உமக்குக் கண்ணில் பட்டது ஒரு விளக்கு!

கோட்டைவாசி: பொய் அதுதானே.

ஆம்பூர்_சீரகசம்பா: அங்கே ‘பீரங்கிக்குண்டு வீடு’ என்று ஒரு வீடே இருக்கிறது. குண்டு கூரையைத் துளைத்து மாடிப்படியில் உருண்டு வந்ததாம். உயரே சுடாமல் கூரையில் எப்படிப் படும்?

கோட்டைவாசி: கூரையில் பட்டால் கூரையில் பட்டது என்று அர்த்தம். லாந்தர் எங்கிருந்து வந்தது?

காட்பாடி_மாலுமி: ஆகஸ்ட் 10, விடிவதற்கு முன்னால் நடந்த தாக்குதல். இருட்டு. இருட்டில் விளக்கு வைக்காமல் வேறென்ன வைப்பார்கள்?

கோட்டைவாசி: இருட்டு இருந்ததற்கு ஆதாரம் இருக்கிறது. லாந்தருக்கு இல்லை. போன வருஷம் பாலாற்றுப் பாலத்தைப் பற்றியும் இவர் இப்படித்தான் அளந்தார். அப்போதும் ஆதாரம் கேட்டேன், இன்றுவரை வரவில்லை.

குடியாத்தம்_டீச்சர்: ஒரு நிமிஷம். ஊர் குண்டுக்குத் தப்பியது உண்மையா என்று கேட்கிறீர்களா, விளக்கு உண்மையா என்று கேட்கிறீர்களா? இரண்டும் வேறு வேறு கேள்வி.

கோட்டைவாசி: லாந்தர் இல்லை என்கிறேன், டீச்சர்.

ஆம்பூர்_சீரகசம்பா: சரி விடுங்க. அங்கே நீல நண்டை மேலே மசாலா தூவி ஆவியில் வேகவைத்து, மேஜையில் கொட்டி, மரச் சுத்தியலால் உடைத்துச் சாப்பிடுவார்களாமே, ருசி எப்படி?

காட்பாடி_மாலுமி: அருமை. உங்க ஊர் பிரியாணி அதன் பக்கத்தில் நிற்க முடியாது.

ஆம்பூர்_சீரகசம்பா: லாந்தர் பொய் என்று இப்போது நானும் நம்புகிறேன்.

வாலாஜா_நெசவு: நானும் அடுத்த வருஷம் போகிறேன். எந்த மாதம் காற்று நன்றாக இருக்கும்?

காட்பாடி_மாலுமி: செப்டம்பர், அக்டோபர். கோடையில் காற்று படுத்துவிடும், தண்ணீரில் ஜெல்லிமீன் வேறு. சாயங்காலம் திடீரென்று இடிமழை வரும், அதற்குள் கரை சேரணும்.

கோட்டைவாசி: அவர் சொல்லும் மாதத்தையும் சரிபார்த்துக்கொண்டு போங்கள். ஏமாற்றின ஊரைப் பார்க்க அவ்வளவு தூரம் எதற்கு? அதற்கு ஏழு வருஷம் முன்னாலேயே, 1806 ஜூலை 10 விடியுமுன், நம்ம வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்து இங்கிலீஷ்காரன் கோட்டையையே பிடித்தார்கள். திப்பு கொடியை ஏற்றினார்கள். விளக்கு வைத்து ஒளியவில்லை.

ஆற்காடு_நவாப்: மதியத்துக்குள் கோட்டை திரும்பக் கைமாறியதையும் எழுதுங்க சார்.

கோட்டைவாசி: கைமாறாமல்? இங்கிலீஷ் அதிகாரி கில்லெஸ்பியின் குதிரைப்படை எங்கிருந்து வந்தது? உங்க ஆற்காட்டிலிருந்துதானே!

ஆற்காடு_நவாப்: இன்னா சார் இது, அது கம்பெனி முகாம். ஊர்க்காரனா குதிரை ஏறி வந்தான்?

கோட்டைவாசி: குதிரைக்குப் புல் யார் போட்டது?

ஆற்காடு_நவாப்: புல் போட்டதற்கு ஆதாரம் காட்டுங்க, அப்புறம் பேசலாம்.

கோட்டைவாசி: சாயங்காலம் காட்டுகிறேன். அதுவரை யாரும் திரியைப் பூட்ட வேண்டாம்.