பட்டுவாடா இணையத்தில் இருக்கிறது, வாறுகால் எங்கே?

சேரன்மாதேவிக்காரன்:
எங்கள் ஊராட்சியில் வடக்குத் தெருவின் இருபுறமும் வாறுகால், அதாவது கழிவுநீர் வடிகால், கட்டியதற்குப் பணம் வழங்கப்பட்டதாக, ஊராட்சிகளின் வரவு செலவைக் காட்டும் ஒன்றிய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் பதிவு இருக்கிறது. தெருவிலோ ஒரு பக்கம் மட்டுமே கட்டியிருக்கிறார்கள். 2020 ஏப்ரலில் அந்தத் தளம் வந்திராவிட்டால், இதைக் கேட்பதற்கு என் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இருந்திருக்காது. ஆகவே, யாரும் எடுத்துப் பார்க்கும்படி அரசு வெளியிடும் திறந்த தரவு படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று சென்ற வாரம் இங்கே ஒருவர் எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஓய்வுபெற்ற ஊராட்சிச் செயலர்:
எழுதியவன் நான்தான், தம்பி. பணம் யாருடைய கணக்கில் சேர்ந்தது என்பதைத்தான் அந்தப் பதிவு சொல்லும். எத்தனை மீட்டர் கட்டப்பட்டது என்பதை, எம்-புக் என்று நாங்கள் சொல்லும் அளவுப் புத்தகம்தான் சொல்லும். 1994இல் ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு பொது விசாரணைகளைத் தொடங்கியபோது கணினி ஏதும் இல்லை; கூலிப்பட்டியலை ஊரார் முன் வாசித்தார்கள், வேலைக்கே வராதவர்களின் பெயர்கள் அதில் இருந்தது அம்பலமானது. நம் ஊரிலும் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. வரவு செலவை நான் வாசித்த நாட்களில், பலர் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டுப் பாதியிலேயே எழுந்து போனார்கள். கேட்கும் காதுகள் இல்லாதபோது கருவியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பாளையங்கோட்டை நிரலர்:
அண்ணாச்சி சொல்வதில் பாதி உண்மை. ஆனால் அவர்கள் எழுந்து போனது அக்கறையின்மையால் மட்டும்தானா? கணக்குத் தலைப்புவாரியாக வாசிக்கப்படும் தொகையில் தன் தெரு எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் விளங்காது. மாநில நிதிநிலை அறிக்கையில் கணக்குத் தலைப்பு எண் 2702 என்றால் சிறுபாசனம். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு உங்கள் ஊர்க் குளத்து மடைக்கு வந்து சேர முடியுமா? திருநெல்வேலி மாநகராட்சிக்கு 55 வார்டுகள். என் வார்டுக்கு வந்தது எவ்வளவு என்பதுதான் என் கேள்வி. 2017இல் தொடங்கிய ஓப்பன் பட்ஜெட்ஸ் இந்தியா தளம், அரசு ஆவணங்களில் முடங்கிக் கிடந்த எண்களைக் கணினி படிக்கக்கூடிய அட்டவணைகளாக மாற்றித் தந்தது. அந்த வேலை வார்டு வரைக்கும், தமிழிலும் இறங்கி வர வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, யாரும் கேட்காமலே வரவு செலவை வெளியிடச் சொல்கிறது. வெளியிடும்போது உள்ளூர் மொழியையும் கருத்தில் கொள்ளச் சொல்கிறது.

ஓய்வுபெற்ற ஊராட்சிச் செயலர்:
சட்டம் சொல்கிறது, தளத்தில் ஏற்றுவது யார்? வீட்டுவரி, தெருவிளக்கு, குடிநீர்க் குழாய் எல்லாவற்றையும் பார்க்கும் அதே ஒரு செயலர்தான். அவருக்குத் துணையாக ஓர் ஆளைத் தராமல் தரவை மட்டும் கேட்டால், ஆண்டுக் கடைசியில் அவசரமாக நிரப்பிய கட்டங்கள்தான் கிடைக்கும். வெளியிட்ட தரவே பிழையானால், அதை நம்பிப் பேசுகிறவர்தான் சபையில் தலைகுனிய வேண்டியிருக்கும்.

சேரன்மாதேவிக்காரன்:
பிழை இருக்கலாம் என்பதால்தான் நேரில் பார்க்க விரும்புகிறேன். தகவல் உரிமைச் சட்டத்தின் 2(j) பிரிவு, ஆவணங்களை மட்டுமல்லாமல் பணியையும் ஆய்வு செய்யும் உரிமையைத் தருகிறது. அளவுப் புத்தகத்தின் நகலுக்கு மனு கொடுத்துவிட்டேன். சனவரி 26 கிராம சபைக்குப் பட்டுவாடாப் பதிவை அச்செடுத்துக்கொண்டு, அளவு நாடாவுடன் போகிறேன். மறுமுனையைப் பிடிக்க வருவீர்களா, அண்ணாச்சி?

ஓய்வுபெற்ற ஊராட்சிச் செயலர்:
வருகிறேன். ஆனால் நீளத்தை மட்டும் அளந்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். அடித்தளக் கான்கிரீட்டின் கனத்தையும் பார்க்க வேண்டும்.