படிக்கிறவங்களை எழுத வைக்கிறது எப்படி? உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. தையல் மெஷின் ரிப்பேருக்குன்னு ஒரு இணையக் குழு நடத்துறேன். 640 பேர் இருக்காங்க, பேசுறது என்னவோ அதே ஏழெட்டு பேர்தான். 2006-ல இணையதளப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் எழுதின 90-9-1 கணக்கு தெரியும்: நூத்துக்கு 90 பேர் படிக்கிறதோட சரி, 9 பேர் எப்பவாவது, ஒருத்தர் மட்டும் ஓயாம. ஆனாலும் மனசு கேட்கலை.

புள்ளி, பட்டம்னு கொடுத்துப் பார்த்தேன். ரெண்டு வாரம் "சூப்பர்", "நன்றி"ன்னு குவிஞ்சுது. அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. ஆனா விக்கிப்பீடியாவுல நிறைய உழைக்கிற சிலருக்குப் பாராட்டு நட்சத்திரம் கொடுத்ததும் இன்னும் அதிகமா எழுதினாங்கன்னு 2012-ல ஒரு ஆய்வு வந்துச்சு. என் பட்டத்துல என்ன குறை? சக ஆள் கையால வரணுமோ?

ஒரு அக்கா எட்டு மாசம் சத்தமே இல்லை. ஒருநாள் பாபின்ல நூல் சிக்கின படம் போட்டாங்க. பத்து நிமிஷத்துல மூணு பதில். இப்ப புதுசா யார் கேட்டாலும் முதல் பதில் அவங்களோடதுதான்.

நீங்க முதல்முதலா எழுத எது காரணம்? நடுவுல நிறுத்தினவங்க, ஏன்னு சொல்லுங்க. குழு நடத்துறவங்க, புது ஆளோட முதல் கேள்வி பதிலில்லாம கிடக்காம எப்படிப் பார்த்துக்கிறீங்க?