கொறங்காடு முழுக்க சீமக்கருவேல முள்ளு மொளைச்சு கெடக்குது, ஜேசிபி விடலாமா மருந்து அடிக்கலாமா?

மேய்ச்சக்காடு எழுதியது:

வணக்கமுங்க. காங்கயம் தாராபுரம் ரோட்டுல இருந்து உள்ள தள்ளி எங்களுக்கு ஆறு ஏக்கரா கொறங்காடு (ஆடு மாடு மேய்க்கறதுக்குன்னே வேலி போட்டு விட்ட காடு) இருக்குது. சுத்தியும் முள்ளுக்கிளுவை வேலி, உள்ள வெள்வேலா மரமும் கொழுக்கட்டைப்புல்லும். அப்பா பாத்துட்டு இருந்த வரைக்கும் சுத்தமா இருந்துது, அவருக்கு முட்டி வலி வந்ததுக்கப்பறம் செம்மறிக்காரங்களுக்கு வருச குத்தகைக்கு விட்டுட்டோம், இப்ப நானே மாடு வெச்சுக்கலாம்னு திரும்பி வந்து பாத்தா புல்லை விட முள்ளுதானுங்க அதிகமா இருக்குது. சீமக்கருவேலம் கணுக்கால் உசரத்துல பாய் விரிச்ச மாதிரி மொளைச்சிருக்குது, அங்கங்க கட்டைவெரல் தடிமன்ல இடுப்பு உசரத்துக்கு நிக்குது, வேலியோரமா நாலஞ்சு பெரிய மரமே ஆயிருச்சு. வடக்கு வேலி பூரா உண்ணிச்செடி (லேண்டனா) வேற.

மச்சான் ஜேசிபி விட்டு ஒரே நாள்ல வழிச்சுடலாம்ங்கறாப்ல. மருந்துக்கடையில கேட்டா களைக்கொல்லி அடிங்கறாங்க. பக்கத்து தோட்டத்துக்காரரு வெட்டிட்டு தூர்ல உப்பு கொட்டச் சொல்றாரு. போன வருசம் ஆள் விட்டு அருவாள்ல வெட்டுன எடத்துல ஒரு குச்சிக்கு அஞ்சாறு குச்சியா கெளம்பி நிக்குது. என்னதான் பண்றதுங்க?

கிளுவைவேலி எழுதியது:

தம்பி, ஜேசிபிய மட்டும் உள்ள விட்றாதீங்க. மேல் மண்ணைக் கெளறி வுட்டா கொழுக்கட்டைப்புல்லு தூரோட போயிரும், அது மறுக்கா புடிச்சு வர்றதுக்கு ரெண்டு மூணு மழைக்காலம் ஆகும், அதே சமயம் மண்ணுக்குள்ள தூங்கிட்டு இருக்கற முள்ளு விதையெல்லாம் மேல வந்துரும். அந்த விதை பல வருசத்துக்கு கெடாமக் கெடக்கும். காலியான மண்ணு, வெளிச்சம், ஒரு மழை, இவ்வளவுதான் அதுக்கு வேணும். ஜேசிபி வுட்ட காட்டை ஐப்பசி மழைக்கப்பறம் போய் பாருங்க, நாத்து விட்ட மாதிரி நிக்கும்.

அருவாள்ல வெட்டுனா ஏன் அஞ்சாறா வருதுன்னா, இதோட மொளைக்கண்ணு எல்லாம் தண்டும் வேரும் சேர்ற கழுத்துலயும் அதுக்கு கொஞ்சம் கீழயும்தான் இருக்குது. தரைக்கு மேல எங்க வெட்டுனாலும் கண்ணு முழிச்சுக்கும். அந்தக் கழுத்துக்கு கீழ வெட்டிட்டீங்கன்னா மிச்ச வேர் எவ்வளவு ஆழத்துல இருந்தாலும் தன்னால மொளைக்காது, அப்படியே மக்கிரும். அமெரிக்காவுல அரிசோனா சுரங்கத்துல இந்த சாதி மரத்தோட வேரை 53 மீட்டர் ஆழத்துல பாத்திருக்காங்க, முழு வேரையும் எடுக்கறேன்னு கெளம்புனா நடக்கற காரியமா?

அதனால கட்டைவெரல் தடிமன் குச்சிக்கு கடப்பாறையில சுத்தி மண்ணைத் தள்ளிப் பாருங்க, ஒரு எடத்துல தண்டு கொஞ்சம் உப்பலா இருக்கும். அந்த உப்பலுக்கு கீழதான் வெட்டோணும். சின்னதுக்கு அரைச்சாண், கை தடிமன்னா ஒரு சாணுக்கு மேலயே தோண்ட வேண்டியிருக்கும். உப்பெல்லாம் வேண்டாமுங்க, முள்ளு சாகுதோ இல்லியோ அந்த எடத்துல புல்லு வராது.

கணுக்கால் உசரத்துல இருக்கறதை மழை பேஞ்ச மறுநாளோ அதுக்கு அடுத்த நாளோ கையால புடுங்கிரலாம், தோல் கையுறை போட்டுக்கோங்க. காஞ்ச மண்ணுல இழுத்தா நடுவுல அத்துட்டு வந்துரும், அப்பறம் அதுவும் கெளை விட்டுரும்.

பசுமைத்தமிழன்77 எழுதியது:

சீமைக்கருவேலம் காத்துல இருக்கற ஈரத்தையே உறிஞ்சுற மரம், அது நிக்கற எடத்துல மழையே பெய்யாது. ஹைகோர்ட்டே 2017ல அழிக்க சொல்லிருச்சு. ஒரு செடி கூட மிச்சம் வைக்காதீங்க, ஜேசிபி வெச்சு வேரோட புடுங்குங்க. ஷேர் பண்ணுங்க.

சாணிக்கூடை எழுதியது:

பசுமைத்தமிழன் அண்ணா, காத்து ஈரத்தை உறிஞ்சுதுங்கறது வாட்ஸப் கதை, வேர் ஆழமா போய் தண்ணி எடுக்குதுங்கறது நெசம், ரெண்டையும் கலக்காதீங்க. கேட்டவருக்கு இதால ஒண்ணும் ஆகப்போறதில்ல.

மேய்ச்சக்காடு தம்பி, புடுங்கறது பாதி வேலைதான். இது எப்படி உள்ள வந்துதுன்னு பாருங்க. சீமக்கருவேல நெத்து இனிப்பா இருக்கும், ஆடு மாடு விழுந்து விழுந்து திங்கும், ஆனா பச்சை இலையை பெருசா தொடாது. காடு ஓவரா மேஞ்சா புல்லெல்லாம் போயி முள்ளு மட்டும் நிக்கும், நீங்க சொல்ற குத்தகைக் காலத்துல நடந்தது அதுதான்னு நெனைக்கிறேன். நெத்துக்குள்ள இருக்கற விதை கெட்டியானது, வயித்துக்குள்ள போயி வந்தா தோல் இளகி இன்னும் சுலபமா மொளைக்கும். காஞ்ச சாணி வரட்டி ஒண்ணை ஒடைச்சுப் பாருங்க, பழுப்பு கலர்ல பளபளன்னு விதை அப்படியே இருக்கும். மழை பேஞ்சா அந்த சாணியே உரம்.

அதனால வெளிய மேஞ்சுட்டு வர்ற ஆட்டையும் சந்தையில புடிச்சுட்டு வர்ற மாட்டையும் நேரா காட்டுல விட்றாதீங்க, ஒரு வாரம் கட்டுத்தரையில வெச்சு தீவனம் போட்டுட்டு அப்பறம் விடுங்க, அந்த சாணிய காட்டுல போடாம குப்பைக்குழியில நல்லா மக்க வைங்க. நெத்தை வீணாக்கவும் வேண்டாம், பொறுக்கி காய வெச்சு விதையோட சேத்து பொடியா அரைச்சு தீவனத்துல கொஞ்சமா கலந்தா சத்துதான், விதையும் செத்துரும். அளவு தாண்டிறக் கூடாது, மாசக்கணக்கா நெத்தையே தின்ன மாடுகளுக்கு தாடை ஒரு பக்கமா கோணி மெல்ல முடியாமப் போன கேஸ் பிரேசில் பக்கமெல்லாம் இருக்குது.

இன்னொண்ணு, நெத்து காச்சு நிக்கற முள்ளை வெட்டி படலுக்கும் வேலி ஓட்டைக்கும் வைக்கறாங்க பாருங்க, அதையும் நிறுத்துங்க. நம்ம ஆளுங்களே கொண்டு போயி விதைக்கற மாதிரிதான் அது.

முருங்கைக்காரர் எழுதியது:

மருந்து பத்தி ரெண்டு வார்த்தை. கிளைபோசேட்ங்கற களைக்கொல்லிய அடிச்சா முள்ளோட சேந்து கொழுக்கட்டைப்புல்லும் கருகிரும், அது புல்லுன்னும் பாக்காது. அதுபோக 2022ல மத்திய அரசு போட்ட அறிவிப்புல பூச்சிக்கட்டுப்பாட்டு லைசென்ஸ் உள்ள ஆளுங்க மட்டும்தான் அதை அடிக்கோணும்னு இருக்குது, கடையில சொல்ல மாட்டாங்க. 2,4-டிங்கற இன்னொரு களைக்கொல்லி புல்லை விட்டுரும், ஆனா காத்துல பறந்து பக்கத்துல பருத்தியோ தக்காளியோ இருந்தா இலை சுருண்டு போயிரும், அப்பறம் பொழுதன்னிக்கும் வேலிச்சண்டைதான்.

உண்ணிச்செடிக்கும் கிளுவைவேலி அண்ணன் சொன்ன அதே கணக்குதான். கார்பெட் புலிகள் காப்பகத்துல டெல்லி யுனிவர்சிட்டிக்காரங்க செஞ்சு காட்டுன முறை, தரைக்கு ரெண்டு வெரக்கடை கீழ ஆணிவேரை வெட்டி, செடிய தலைகீழா கவுத்து போட்டுட்டா காஞ்சுரும். நிமித்தி போட்டா கணு மண்ணுல பட்டு மறுக்கா வேர் விடும். மாடு அதை தின்னா ஈரல் கெட்டு மஞ்சக்காமாலை வரும், வெயில் பட்ட எடத்துல மூக்கு, காது தோல் உரியும், அதனால வறட்சியில புல்லு தீந்தப்ப அந்தப் பக்கம் விடவே கூடாது.

மேய்ச்சக்காடு எழுதியது:

எல்லாருக்கும் நன்றிங்க. சாணிய ஒடைச்சுப் பாத்தேன் அக்கா, ஒரு வரட்டியிலயே ஏகப்பட்ட விதை. ரெண்டு சந்தேகம். சின்னதுல வெள்வேலா கன்னும் சீமக்கருவேல கன்னும் எனக்கு ஒரே மாதிரி தெரியுது, ரெண்டுலயும் முள்ளு ஜோடியாத்தான் இருக்குது, புடுங்கறப்ப வெள்வேலா போயிறக் கூடாது. அப்பறம் வேலியோரத்து பெரிய மரத்தை வெறகு வியாபாரி வெட்டி எடுத்துக்கறேங்கறார், காசு தரலீங்க, வெட்டுக்கூலி மிச்சம்னு குடுத்தறலாமா?

கிளுவைவேலி எழுதியது:

இலையைப் பாருங்க தம்பி, முள்ளைப் பாக்காதீங்க. சீமக்கருவேலத்துல ஒரு காம்புல ரெண்டு மூணு ஜோடி இறகுதான் இருக்கும், அதுல இருக்கற இலைத்துணுக்கு கொஞ்சம் நீளமா தனித்தனியா எண்ணிரலாம். வெள்வேலாவுல ஏழெட்டு ஜோடி இறகு, துணுக்கு பொடிப்பொடியா நெருக்கி இருக்கும். மொத ரெண்டு இலையில தெரியாது, ஒரு சாண் வந்ததுக்கப்பறம் பாத்தா தப்பு வராது. வெள்வேலா கன்னையும் எல்லாத்தையும் விட்றாதீங்க, நெழல் அடர்த்தியாயிருச்சுன்னா கீழ புல்லு மெலியும், நல்லா நேரா வர்றதை இடைவெளி விட்டு வெச்சுட்டு மத்ததை எடுத்துருங்க. வெள்வேலா நெத்து ஆட்டுக்கு ஆகும், வெயில்ல மாடு ஒதுங்கறதுக்கும் ஆச்சு.

வியாபாரி வெட்டுனா முழங்கால் உசரத்துல கட்டைய விட்டுட்டு லாரி ஏத்திட்டு போயிருவாரு, அடுத்த மழைக்கு அது புதராயிரும், புதர்ல வெறகு தேறாதுன்னு அப்பறம் அவரே எட்டிப் பாக்க மாட்டார். தூரோட தோண்டித் தர்றதுன்னா மட்டும் சும்மா குடுங்க, அதை வெட்டறதுக்கு முன்னாடியே பேசிக்கோங்க, முடியாதுன்னா காசு வாங்கிட்டு அந்தக் காசுல நீங்களே ஆள் விட்டு தூரைத் தோண்டுங்க. பெரிய மரத்து தூருக்கு மட்டும் ஜேசிபிய வேலியோரமா விட்டா தப்பில்ல, உள்ள வராம பாத்துக்கிட்டா சரி.

முள்ளு எடுத்த எடத்தை வெறுமனே விட்றாதீங்க. முந்தியெல்லாம் கொறங்காட்டையே சில வருசத்துக்கு ஒருக்கா உழுது சோளமோ கொள்ளோ விதைச்சு எடுப்பாங்க, சின்ன முள்ளெல்லாம் ஏர்லயே போயிரும், புல்லும் புதுசா கெளம்பும். ரொம்ப மோசமா இருக்கற மூலைக்கு மட்டும் அதை செய்யுங்க, மத்த எடத்துல கொழுக்கட்டைப்புல்லு விதைய மழைக்கு முன்னாடி தூவி வுட்டு, அது பூட்டை (கதிர்) வெச்சு விதை கொட்டற வரைக்கும் ஆடு மாடு விடாதீங்க. ஆறு ஏக்கராவையும் ஒரே காடா விடாம நடுவுல தடுத்து மாத்தி மாத்தி மேய்ங்க.

சாணிக்கூடை எழுதியது:

பெரிய மரத்தை சித்திரைக்கு முன்னாடியே முடிச்சுருங்க தம்பி, நெத்து கொட்ட ஆரம்பிச்சுட்டா ஒரு மரத்துக்கு கூடை கூடையா விழும். குத்தகைக்காரங்க ஆடு இன்னும் உள்ள வருதா?

மேய்ச்சக்காடு எழுதியது:

தை மாசம் குத்தகை முடியுதுங்க அக்கா. அது வரைக்கும் வடக்கு வேலி உண்ணிச்செடிய பாத்துட்டு இருக்கேன்.